தொலைவு ஒன்று, நேரம் பல: மும்பை–சென்னை வான்வழியின் வரலாறு

மும்பை, சென்னை விமான நிலையங்களுக்கு இடைப்பட்ட நேர்கோட்டுத் தொலைவு ஏறத்தாழ 1,030 கிலோமீட்டர். இன்றைய ஜெட் விமானம் அதனைச் சுமார் இரண்டு மணி நேரத்தில் கடக்கிறது. தொலைவை வேகத்தால் வகுத்தால் நேரம் கிடைக்கும் என்பது பள்ளிக் கணக்கு. இவ்வழித்தடத்தின் வரலாறோ அக்கணக்குக்குள் அடங்குவதில்லை.

1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து ஒற்றை எஞ்சின் புஸ் மாத் விமானத்தில் அஞ்சலுடன் புறப்பட்டு, அகமதாபாத் வழியாகப் பம்பாயின் ஜுஹு திடலில் இறங்கினார். அங்கிருந்து அஞ்சலைச் சென்னைக்குக் கொண்டுசென்றவர் நெவில் வின்சென்ட். மணிக்கு ஏறத்தாழ 160 கிலோமீட்டர் வேகம் கொண்ட அவ்விமானத்துக்கு இது ஏழு மணி நேரத்துக்கும் குறைவான பறப்பே. ஆயினும் வின்சென்ட் பெல்லாரியில் இரவு தங்கி மறுநாளே சென்னையை அடைந்தார். இரவில் பறப்பதற்குரிய தரை விளக்குகளும் வழிகாட்டும் கருவிகளும் அன்று இவ்வழியில் இல்லை. பயண நேரத்தை முடிவுசெய்தது எஞ்சின் அன்று; சூரிய அத்தமனம்.

1949 ஜனவரியில் தொடங்கிய இரவு வான் அஞ்சல் சேவை இத்தடையை உடைத்தது. பம்பாய், தில்லி, கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களிலிருந்தும் புறப்பட்ட விமானங்கள் நள்ளிரவில் நாக்பூரில் கூடி, அஞ்சல் பைகளை மாற்றிக்கொண்டு விடியலுக்குள் திரும்பின. நாக்பூர் வழியாகப் பம்பாய்–சென்னைத் தொலைவு ஏறத்தாழ 1,590 கிலோமீட்டர். நேர்வழியைப் போல ஒன்றரை மடங்கு. ஆனால் மாலையில் அஞ்சலிட்ட கடிதம் மறுநாள் காலையே எதிர்நகரை எட்டியது. தொலைவு கூடியது, நேரம் குறைந்தது.

விமான நிலையத்திலிருந்து விமான நிலையம் வரை என்னும் இவ்வளவை பயணியின் வீட்டு வாசலிலிருந்து பார்க்கும்போது வேறொரு சித்திரம் தோன்றுகிறது. 1060ஆம் ஆண்டைச் சேர்ந்த சிலாகாரர் காலச் சிவன் கோயிலால் அறியப்படும் அம்பர்நாத், 1871இல் ராய்ச்சூரில் சென்னை இருப்புப்பாதையுடன் இணைந்த அதே தடத்தின் மீதுதான் அமைந்துள்ளது. மும்பை விமான நிலையம் அங்கிருந்து நேர்கோட்டில் 35 கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதல். புறநகர் ரயிலில் காட்கோபர் வரை சென்று, அங்கிருந்து மெட்ரோவிலோ ஆட்டோவிலோ மாறி, விமான நிலையத்தில் முன்கூட்டியே காத்திருந்தால், பறக்கும் நேரத்தைவிடத் தரையில் கழியும் நேரமே மிகுதி.

திருநெல்வேலியைச் சொந்த ஊராகக் கொண்ட குடும்பத்துக்குச் சென்னையும் பயணத்தின் முடிவன்று. அங்கிருந்து மேலும் அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் செல்ல வேண்டும். அத்தகையோருக்கு, பக்கத்திலுள்ள கல்யாணில் ஏறினால் ஊரிலேயே இறக்கிவிடும் நாகர்கோவில் விரைவு ரயில், ஒரு நாளுக்கு மேல் எடுத்துக்கொண்டாலும், மூட்டை முடிச்சுகளோடு செல்லும் குடும்பத்துக்கு ஏற்ற கணக்காகவே நீடிக்கிறது.

2025 அக்டோபரில் திறக்கப்பட்ட நவி மும்பை விமான நிலையம் அம்பர்நாத்துக்குச் சற்று அருகில் உள்ளது. சென்னைக்கான வான்தொலைவு இதனால் பெரிதும் மாறவில்லை. மாறக்கூடியது வீட்டு வாசலிலிருந்து எண்ணப்படும் நேரமே. போக்குவரத்து வரலாறு வேகத்தின் வரலாறாக மட்டும் எழுதப்படும்போது விடுபடுவது இந்நேரம்தான். கால அட்டவணையை ஆவணமாகக் கொள்ளும் ஆய்வு, அதில் அச்சான மணிகளோடு, அட்டவணைக்கு வெளியே மக்கள் செலவிட்ட மணிகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.