பார்கவி நிலையம்: பேய் வீடும் பெண் வீடும்

பேய்ப் படங்களை மூடநம்பிக்கையின் வெளிப்பாடென ஒரே வரியில் ஒதுக்கிவிடுவது முற்போக்குத் திறனாய்வாளரிடையே நெடுநாளைய வழக்கமாகும். அவற்றுட் பெரும்பாலானவை அவ்வாறு ஒதுக்கத்தக்கனவே. ஆயினும் 1964 இல் வெளிவந்த 'பார்கவி நிலையம்' என்னும் மலையாளப் படத்தை அவ்வரிசையிற் சேர்க்க நம்மால் இயலவில்லை. விடுதலைப் போராட்டத்திற் சிறை சென்றவரான வைக்கம் முகம்மது பஷீர், தமது 'நீலவெளிச்சம்' என்னும் சிறுகதையை விரித்துத் தாமே திரைக்கதை எழுதினார். நெறிப்படுத்தியவர் ஏ. வின்சென்ட், முந்திய ஆண்டில் ஸ்ரீதரின் 'நெஞ்சம் மறப்பதில்லை' படத்தின் ஒளிப்பதிவாளராக விளங்கியவரும் இவரே. அத்தமிழ்ப் படத்தில் ஜமீந்தாரின் கொடுமைக்கு மறுபிறவியிலேதான் கணக்குத் தீர்கின்றது. பஷீரோ மறுபிறவியை நாடவில்லை.

பாழடைந்த வீடொன்றை வாடகைக்கு எடுக்கும் எழுத்தாளன், அங்குள்ள கிணற்றில் வீழ்ந்து இறந்த பார்கவியின் ஆவி உலவுவதாக அறிகின்றான். மந்திரவாதியை அழைக்காது, 'பார்கவிக்குட்டி' என அன்போடு விளித்து அவளோடு பேசத் தொடங்குகின்றான். காதல் தோல்வியால் தற்கொலை புரிந்தாள் என்பது ஊரார் கூற்று. அவளுடைய கடிதங்களோ வேறொன்றைப் புலப்படுத்துகின்றன: அவளையும் அவள் காதலனையும் கொன்றவன் அவளுடைய உறவினனே. ஊர் விசாரியாது விட்ட கொலைக்குப் பேய் சாட்சியாகின்றது. 2023 இல் ஆஷிக் அபு இக்கதையை 'நீலவெளிச்சம்' என மீளவும் படமாக்கினார். பாபுராஜின் பழைய பாடல்களும் அக்காலச் சூழலும் அழகுற மீட்கப்பட்டுள்ளன. அழகு மிகுந்த அளவுக்கு விசாரணை மெலிந்துவிட்டது என்பதே நமது கருத்து.

இப்படம் கல்முனைக் கரையிலே தனிப் பொருள் பெறுகின்றது. 1961 இல் மட்டக்களப்பிலிருந்து பிரிக்கப்பட்ட அம்பாறை மாவட்டத்தின் மருதமுனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்று முதலிய ஊர்களில், முஸ்லிம்கள் தமிழர் ஆகிய இரு சாராரிடத்தும் மகளுக்கு வீட்டைச் சீதனமாகக் கொடுப்பதும், மணமகன் அங்கு வந்து வாழ்வதும் வழக்கம். தாய்வழிக் 'குடி' முறை மலையாளக் கரையின் மருமக்கட்டாயத்தோடு ஒப்புநோக்கத்தக்கது. வீடு பெண்ணுடையதாயினும், அவளது மண விருப்பத்தின் மீதான அதிகாரம் பெரும்பாலும் ஆண் உறவினரிடமே தங்கிவிடுகின்றது. பெண்ணின் பெயர் தாங்கிய வீட்டின் கிணற்றிலே அப்பெண்ணே மாண்டாள் என்னும் கதையை இக்கரை மக்கள் எளிதில் விளங்கிக்கொள்வர்.

இறந்தோர் ஆவியாய் உலவுவர் என்பதை இஸ்லாமியக் கோட்பாடு ஏற்பதில்லை. ஜின் என்பது வேறொரு படைப்பு. குர்ஆனின் 72ஆம் அத்தியாயம் அதன் பெயராலேயே வழங்குகின்றது. பேச்சு வழக்கிலோ ஜின்னும் பேயும் கலந்துவிடுகின்றன. ஓதிய தண்ணீரும் தாயத்தும் தேடப்படுகின்றன. 'பிடித்துவிட்டது' எனப்படுவோருள் பெண்களே மிகுதியாயிருத்தலைத் தற்செயலென நாம் கொள்வதற்கில்லை. எமது கரையின் பேய்க் கதைகளைத் தொகுக்க முற்படும் ஆய்வாளர், இறந்தவள் யார், வீடு எவர் பெயரில் இருந்தது, அவளுக்குப் பின் எவர் கைக்குச் சென்றது என்பவற்றையும் உடன் பதிவு செய்தல் வேண்டும்.