உடற்பருமன் அறுவைக்குப் பிந்தைய தொடக்க மீட்சி

உடற்பருமன் அறுவைக்குப் பிந்தைய தொடக்க மீட்சி என்பது, உடல் எடையைக் குறைக்கும் நோக்கில் இரைப்பையிலோ இரைப்பையிலும் சிறுகுடலிலுமோ அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட ஒருவர், அறுவை முடிந்த நேரம் முதல் ஏறத்தாழ இரண்டு வாரங்கள் வரை கடக்கும் காலத்தைக் குறிக்கும். இக்காலத்தில் வெட்டி இணைக்கப்பட்ட இரைப்பை ஆறத் தொடங்குகிறது. நோயாளி நீர்ம உணவை மிகச் சிறு அளவில் பருகப் பழகுகிறார். நீரிழிவு, குருதி அழுத்தம் ஆகியவற்றுக்கான மருந்துகளின் அளவு மாற்றப்படுகிறது. இந்த இரண்டு வாரங்களில் பெரும்பாலான நாட்கள் மருத்துவமனையில் அல்லாமல் வீட்டிலேயே கழிகின்றன. கடுமையான சிக்கல்கள் சிலவும் வீடு திரும்பிய பின்னரே வெளிப்படுகின்றன. எனவே அறுவை செய்த மருத்துவமனையிலிருந்து தொலைவில் உள்ள ஊர்களில் வாழ்வோருக்கு இக்காலம் தனிக் கவனத்துக்கு உரியதாகிறது.

பின்னணி

உடற்பருமனுக்கான அறுவைகளுள் இன்று மிகுதியாகச் செய்யப்படுபவை இரண்டு. முதலாவது குழல் வடிவ இரைப்பைக் குறைப்பு ஆகும். இதில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் நிரந்தரமாக அகற்றப்பட்டு, 100 முதல் 150 மி.லி. வரை கொள்ளும் ஒடுங்கிய குழல் மட்டும் விடப்படுகிறது. இரண்டாவது இரைப்பை மாற்றுவழி அறுவை ஆகும். இதில் இரைப்பையின் மேற்பகுதியில் ஏறத்தாழ 30 மி.லி. கொள்ளளவு உள்ள சிறு பை பிரிக்கப்பட்டு, சிறுகுடலுடன் நேரடியாக இணைக்கப்படுகிறது. முன்னதில் ஒரு நீண்ட தையல் கோடும், பின்னதில் இரண்டு இணைப்புகளும் ஆறவேண்டியிருக்கும்.

மாற்றுவழி அறுவையை அமெரிக்காவின் எட்வர்டு மேசன், 1960களின் பிற்பகுதியில் அறிமுகப்படுத்தினார். அக்காலத்தில் வயிற்றைத் திறந்தே இது செய்யப்பட்டதால், நோயாளி பல நாட்கள் மருத்துவமனையில் தங்கவேண்டியிருந்தது. 1994 ஆம் ஆண்டு விட்குரோவ், கிளார்க் ஆகியோர் சிறு துளைகள் வழியாக இதே அறுவையைச் செய்த முறையை வெளியிட்டனர். டென்மார்க்கின் என்றிக் கேலெட் 1990களில் முன்வைத்த விரைவு மீட்சிக் கருத்து, 2016 ஆம் ஆண்டில் உடற்பருமன் அறுவைக்கான வழிகாட்டு நெறிகளாகவும் வடிவம் பெற்றது. இவற்றின் பயனாகத் தங்கும் காலம் ஒன்று முதல் மூன்று நாட்களாகக் குறைந்துள்ளது. இது நோயாளிக்கு நன்மையே. ஆயினும் முன்னர்ச் செவிலியர் பார்வையில் கழிந்த நான்காம் நாள் முதல் பத்தாம் நாள் வரையான காலம் இப்போது குடும்பத்தாரின் பொறுப்பில் விடப்பட்டுள்ளது.

2022 ஆம் ஆண்டின் பன்னாட்டு வழிகாட்டு நெறிகள், உடல் நிறைச் சுட்டெண் 35க்கு மேற்பட்டவர்களுக்கு வேறு நோய் இல்லாவிடினும் இவ்வறுவையைப் பரிந்துரைக்கின்றன. ஆசிய மக்களுக்கு 27.5 என்ற குறைந்த வரம்பிலேயே இதனைக் கருதலாம் என்கின்றன. இந்தியாவில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019 இல் வகுத்த விதிகளின்படி, சுட்டெண் 40 ஆகவோ, கடும் இணைநோயுடன் 35 ஆகவோ இருத்தல் வேண்டும். அனுபவமுள்ள மையங்களில் முப்பது நாட்களுக்குள் இறப்பு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒன்று என்ற அளவிலேயே உள்ளது. எனினும் ஆபத்து இல்லாத அறுவை அன்று. 2024 ஏப்ரலில் சென்னைப் புறநகர் மருத்துவமனை ஒன்றில் உடற்பருமன் அறுவைக்கு உட்பட்ட இளைஞர் ஒருவர் இறந்ததும், அதன்மேல் தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறை விசாரணை நடத்தியதும் இங்குப் பரவலாகப் பேசப்பட்டன.

மருத்துவமனையில்

மயக்கம் தெளிந்த சில மணி நேரத்திலேயே நோயாளி எழுப்பி நடத்தப்படுகிறார். அறுவை முடிந்தவர் அசையாமல் படுத்திருத்தல் வேண்டும் என்று எண்ணிப் பழகிய உறவினர்க்கு இது கடுமையாகத் தோன்றக்கூடும். ஆனால் உடல் பருத்தவர்களின் கால் நாளங்களில் குருதி எளிதில் உறையும். அக்கட்டி நுரையீரலுக்குச் சென்று அடைத்தல் இவ்வறுவைக்குப் பிந்தைய இறப்புகளுக்கான முதன்மைக் காரணங்களுள் ஒன்றாகும். நடத்தல், இறுக்கமான காலுறைகள், எப்பாரின் வகை ஊசி ஆகிய மூன்றும் இதைத் தடுக்கவே அளிக்கப்படுகின்றன. இந்த ஊசியைச் சிலர் வீடு திரும்பிய பின்னரும் தொடரவேண்டியிருக்கும்.

மூன்று பந்துகள் கொண்ட மூச்சுப் பயிற்சிக் கருவி, நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிப் போகாமல் காக்கிறது. உறக்க மூச்சுத்தடை உடையவர்கள், தாம் வீட்டில் பயன்படுத்தும் காற்றழுத்தக் கருவியை மருத்துவமனைக்கு எடுத்துவந்து முதல் இரவிலிருந்தே பயன்படுத்துதல் வேண்டும்.

தோள்பட்டையில் உண்டாகும் வலி பலரையும் அச்சுறுத்துகிறது. அறுவையின்போது வயிற்றை உப்பச் செய்யச் செலுத்தப்பட்ட கரியமில வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் இது ஏற்படுகிறது. இரண்டு மூன்று நாட்களில், நடக்க நடக்கத் தணிந்துவிடும். குமட்டல், குறிப்பாகக் குழல் வடிவ அறுவைக்குப் பின், முதல் இரண்டு நாட்கள் மிகுந்திருக்கும். எடைக்கருவியில் ஏறிப் பார்ப்பவர்கள் எடை கூடியிருப்பதைக் கண்டு வியப்பதும் உண்டு. நாளத்தின் வழியே ஏற்றப்பட்ட நீர்மமே இதற்குக் காரணம்.

நீரும் உணவும்

முதல் வாரத்தில் உணவைக் காட்டிலும் நீரே முதன்மையானது. ஒரு நாளில் ஏறத்தாழ 1.5 லிட்டர் பருகவேண்டும். ஆனால் ஒரே மூச்சில் ஒரு குவளை குடிக்க இயலாது. கால் மணிக்கு ஒருமுறை 30 மி.லி. வீதம், அதாவது மருந்துப் புட்டியின் சிறு மூடி இரண்டு மூன்று அளவு, விழித்திருக்கும் நேரம் முழுவதும் பருகுவதே வழி. சிறுநீர் அடர்ந்த மஞ்சள் நிறமாதல், எழுந்து நிற்கும்போது தலை சுற்றுதல் ஆகியன நீர் குறைந்ததன் அடையாளங்கள். நீரிழப்பே வீடு திரும்பியவர் மீண்டும் மருத்துவமனையில் சேர்க்கப்படுவதற்கான பொதுவான காரணங்களுள் ஒன்று. கடலூர் போன்ற கடலோர ஊர்களில், வியர்வை மிகுந்த சித்திரை, வைகாசி மாதங்களில் இந்த அளவு போதாமற் போகலாம்.

முதல் ஓரிரு நாட்கள் தெளிந்த நீர்மங்கள் மட்டும் தரப்படும்: நீர், வடித்த கஞ்சித் தெளிவு, காரமில்லாத வடிகட்டிய ரசம், இளநீர், பருப்பு வேகவைத்த நீரின் தெளிவு முதலியன. அடுத்து இரண்டு வாரம் வரை கொழுப்பு நீக்கிய பால், மோர், வடிகட்டிய பருப்புச் சாறு, புரதத் தூள் கலந்த பால் போன்ற முழு நீர்மங்கள். அதன்பின் மசித்த உணவு, மென்மையான உணவு என்று படிப்படியாக ஏறி, ஆறு முதல் எட்டு வாரங்களில் வழக்கமான உணவு வந்துசேரும். கால அளவு மையத்துக்கு மையம் வேறுபடும். அறுவை செய்த மருத்துவர் தந்த பட்டியலே ஒருவருக்கு உரியது.

தமிழ்நாட்டுக் குடும்பங்களில் அறுவைக்குப் பின் பத்தியம் இருத்தல் பழகிய வழக்கமே. ஆனால் அந்தப் பத்தியம் பெரும்பாலும் குழைந்த சோறும் ரசமுமாகவே அமைகிறது. இங்கோ சோறு விலக்கப்படுகிறது. நாள் ஒன்றுக்கு 60 கிராமுக்குக் குறையாத புரதம் வேண்டப்படுகிறது. வெறும் கஞ்சியையும் ரசத்தையும் கொண்டு அந்த அளவை எட்ட இயலாது. பானகம், கருப்பட்டி காப்பி, இனிப்பிட்ட பழச்சாறு முதலியன மாற்றுவழி அறுவை செய்தவர்க்குப் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு ஆகியவற்றை உண்டாக்கும். சர்க்கரை சிறுகுடலுக்குள் ஒரேயடியாக விழுவதே இதற்குக் காரணம். சோடா வகைகளும் ஆகா. நலம் விசாரிக்க வருவோர் வாங்கிவரும் பழரசப் புட்டிகளையும் குளுக்கோஸ் பொட்டலங்களையும் வீட்டார் எடுத்து வைத்துவிடுதல் நலம்.

மருந்துகள்

நீரிழிவு உடையவர்களிடம் எடை குறைவதற்கு முன்னரே, அறுவை முடிந்த சில நாட்களில் குருதிச் சர்க்கரை இறங்குகிறது. உணவு குறைவதும் குடல் இயக்குநீர்களின் மாற்றமும் இதற்குக் காரணங்களாகும். எனவே பழைய அளவிலேயே இன்சுலினையோ, கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளையோ தொடர்வது சர்க்கரையை அபாய அளவுக்குத் தாழ்த்திவிடும். சிறுநீர் பெருக்கும் குருதி அழுத்த மாத்திரைகளும் நீரிழப்பைக் கூட்டும் என்பதால் பெரும்பாலும் நிறுத்தப்படுகின்றன. மாற்றப்பட்ட அளவுகளைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளாமல் மருத்துவமனையை விட்டு வெளியேறுதல் கூடாது.

டைக்குளோபினாக், ஐபுபுரூபன் ஆகிய வலி மாத்திரைகள் இணைப்பு இடத்தில் புண்ணை உண்டாக்க வல்லவை. மாற்றுவழி அறுவை செய்தவர்க்கு இவை வாழ்நாள் முழுவதும் தவிர்க்கத்தக்கவை. மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகளில் இவை அடங்கியிருத்தல் மிகப் பொதுவானது. பாராசிட்டமால் பொதுவாகப் பாதுகாப்பானது. மெல்லக் கரையும் வகை மாத்திரைகளைப் பொடித்து உட்கொள்ளல் ஆகாது. மருத்துவரிடம் கேட்டு மாற்று வடிவம் பெறவேண்டும்.

வீடு திரும்பும் பயணம்

சென்னையில் அறுவை செய்துகொண்டு திருப்பாதிரிப்புலியூருக்குத் திரும்பும் ஒருவர் தொடர்வண்டி வழியில் ஏறத்தாழ 200 கி.மீ. கடக்கவேண்டும், சிதம்பரம் அதனினும் தொலைவு. பல மணி நேரம் கால் மடக்கி அமர்ந்திருத்தல் குருதி உறைவதற்கு ஏற்ற நிலையாகும். சீருந்தில் செல்வோர் மணிக்கு ஒருமுறை நிறுத்தி இறங்கி நடத்தல் நன்று. தொடர்வண்டியில் பெட்டிக்குள்ளேயே நடக்க இயலும். இயலுமாயின் முதல் மறுபார்வை வரை, பொதுவாக 7 முதல் 10 நாட்கள், மருத்துவமனைக்கு அண்மையிலேயே தங்கியிருத்தல் இன்னும் பாதுகாப்பானது. கெண்டைக்காலில் ஒரு பக்கம் மட்டும் வீக்கமும் வலியும் தோன்றுதல், திடீரென மூச்சு வாங்குதல் ஆகியன உடனடிக் கவனத்துக்குரியவை.

கசிவு

தையல் கோட்டிலோ இணைப்பிலோ ஓட்டை விழுந்து இரைப்பை நீர் வயிற்றறைக்குள் ஒழுகுதல் கசிவு எனப்படும். நூறு பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு இது நேர்கிறது. குருதிப்போக்கு பெரும்பாலும் முதல் இரண்டு நாட்களிலேயே தெரிந்துவிடும். கசிவோ ஐந்தாம் நாளுக்குப் பின்னும், சிலருக்கு வாரங்கள் கழித்தும் வெளிப்படும்.

இதனை அறிவதில் உள்ள இடர்ப்பாடு, வயிற்று வலி கடுமையாக இல்லாமலும் இருக்கலாம் என்பதே. பெரியபுராணத்தின்படி மருள்நீக்கியாரைச் சூலை நோய் பற்றியது, திருப்பாதிரிப்புலியூராகக் கருதப்படும் பாடலிபுத்திரத்துச் சமண மடத்தில் அவர் தருமசேனராக இருந்தபோதாகும். வயிற்றுள் நேரும் கேடு தாங்கொணா வலியாகவே வெளிப்படும் என்னும் எதிர்பார்ப்பு அத்துணைப் பழமையானது. உடல் பருத்தவர்களிடம் அவ்வெதிர்பார்ப்பு பொய்த்துப்போகும். தடித்த வயிற்றுச் சுவர் விறைப்பைக் காட்டாது. வலி மருந்தும் மறைத்துவிடும். ஓய்வாக இருக்கும்போதே நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 120க்கு மேல் நிலைத்திருத்தல்தான் பலரிடம் முதல் அறிகுறி. காய்ச்சல், மேல்மூச்சு, இடத்தோளில் புதிதாகத் தோன்றும் வலி, காரணமற்ற பதற்றம், ஏதோ சரியில்லை என்னும் உணர்வு ஆகியனவும் உடன் வரலாம். இவற்றை வாயுத் தொல்லை என்று கருதிச் சீரகத் தண்ணீரோ ஓம நீரோ கொடுத்துக் காலை வரை காத்திருத்தல் உயிருக்கே கேடாகலாம். சில மணி நேரத் தாமதமும் நோய்த்தொற்றுக் குருதியில் பரவ இடம் தரும். வீட்டில் ஒருவர் மணிக்கட்டில் நாடியை எண்ணக் கற்றுக்கொண்டு, காலையும் மாலையும் குறித்து வைத்தல் எளிய, செலவில்லாத காப்பாகும்.

அத்தகைய நிலையில் 108 ஊர்தியை அழைத்து அண்மையிலுள்ள பெரிய மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். கடலூரில் மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையும், சிதம்பரத்தில் முன்னர் இராசா முத்தையா மருத்துவக் கல்லூரியாக இருந்து 2021 இல் மக்கள் நல்வாழ்வுத் துறையின்கீழ் வந்த அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உள்ளன. செல்லும் வழியிலேயே அறுவை செய்த மருத்துவரைத் தொலைபேசியில் தொடர்புகொள்ளல் வேண்டும். எவ்வகை அறுவை, எந்நாளில் செய்யப்பட்டது என்னும் விவரம் அடங்கிய விடுவிப்புச் சுருக்கத்தை எப்போதும் கைவசம் வைத்திருத்தல் தேவை. அதை அறியாத மருத்துவர், வழக்கமான முறையில் மூக்கின் வழியே இரைப்பைக் குழாயைச் செலுத்த முயன்றால் புதிய தையல் கிழியக்கூடும்.

தொடர் வாந்தியும் தயமின் குறைபாடும்

ஒருமுறை இருமுறை வாந்தி வருதல் பெரும்பாலும் வேகமாகவோ மிகையாகவோ பருகியதன் விளைவு. நீர்கூடத் தங்காமல் ஒரு நாளுக்கு மேல் வாந்தி தொடர்ந்தால் நிலைமை வேறு. உயிர்ச்சத்து பி1 எனப்படும் தயமின் உடலில் இரண்டு மூன்று வாரத் தேவைக்கே சேமிப்பில் உள்ளது. உண்ணாமலும் வாந்தி எடுத்தும் இச்சேமிப்பு தீர்ந்தபின், மூளை பாதிக்கப்பட்டு வெர்னிக்கே மூளைநோய் உண்டாகிறது. குழப்பம், இரட்டைப் பார்வை, நடை தள்ளாட்டம் ஆகியன இதன் குறிகள். மூன்றும் ஒருங்கே தோன்றவேண்டும் என்பதில்லை. காலம் தாழ்ந்தால் நினைவாற்றல் மீளாமலே போகலாம்.

வாந்தி என்றால் பக்கத்துக் கிளினிக்கில் ஒரு புட்டி குளுக்கோஸ் ஏற்றிக்கொள்வது தமிழ்நாட்டில் பரவலான வழக்கம். தயமின் குறைந்த உடலில் முதலில் குளுக்கோஸை ஏற்றினால், அதனை எரிக்க எஞ்சியிருக்கும் தயமினும் செலவாகி மூளைநோய் விரைந்து தோன்றும். ஆகவே தயமின் ஊசியை முன்னரோ குறைந்தது உடனோ அளித்தல் வேண்டும். நீரிழப்புக்கு உப்பு நீர்மம் ஏற்றலாம். நோயாளியோ உடன் செல்பவரோ தமக்கு இரைப்பை அறுவை நடந்துள்ளது என்பதை முதலில் சொல்லிவிடுவது, இதனைத் தவிர்க்கப் பெரும்பாலும் போதுமானது. அறுவையை உறவினரிடமிருந்து மறைத்து வைப்போர் இவ்விடத்தில்தான் இடருக்கு உள்ளாகின்றனர்.

மனநிலையும் அன்றாடப் பணிகளும்

முதல் வாரத்தில், ஏன் இதைச் செய்துகொண்டோம் என்ற வருத்தம் பலருக்கும் தோன்றுகிறது. வலி, களைப்பு, பிறர் உண்ணும்போது தாம் விலகியிருத்தல் ஆகியன ஒன்றுசேரும் நாட்கள் அவை. குழல் வடிவ அறுவையில் பசியைத் தூண்டும் கிரெலின் சுரக்கும் பகுதி அகற்றப்படுவதால் வயிற்றுப்பசி குறைவாகவே இருக்கும். ஆனால் தாளிக்கும் மணம் எழுப்பும் ஆவல் குறைவதில்லை. இவ்வருத்தம் பெரும்பாலும் சில வாரங்களில் தணியும். தணியாவிடில் மனநல ஆலோசனை பெறலாம்.

வயிற்றில் உள்ள நான்கைந்து சிறு துளைப்புண்களை, மருத்துவர் ஒப்புதலுடன், இரண்டு நாட்களுக்குப் பின் நனைத்துக் குளிக்கலாம். நிறைந்த தண்ணீர்க் குடம், எரிவளி உருளை போன்ற பளுவை நான்கு முதல் ஆறு வாரம் வரை தூக்குதல் கூடாது. அமர்ந்து செய்யும் வேலைக்குப் பெரும்பாலோர் இரண்டு வாரங்களில் திரும்புகின்றனர். முதல் மறுபார்வையில் புண்கள், நாடித்துடிப்பு, சர்க்கரை ஆகியவற்றைப் பார்த்தபின், அடுத்த கட்ட உணவுக்கும் உயிர்ச்சத்து மாத்திரைகளுக்கும் மருத்துவர் ஒப்புதல் அளிப்பார்.