பற்றாது என்னும் பழஞ்சொல்

ஹப்சிகுடாவில் எங்கள் இல்லத்தில் ஒரு நாள் இரவு உணவின்போது என் இளைய மகள், "அம்மா, சாம்பார் சாலது" என்றாள். "தெலுங்கைக் கலக்காதே, போதாது என்று சொல்" எனக் கடிந்துகொண்டேன். பின்னர் அகராதியைப் புரட்டியபோது எனக்கே நாணமாயிற்று. சாலுதல் என்பது நிறைதல், போதியதாதல் என்னும் பொருளுடைய பழந்தமிழ் வினை. மிகுதிப் பொருள் தரும் ஆறு உரிச்சொற்களுள் 'சால' என்பதையே நன்னூலார் முதலில் வைத்தார். சான்றோர் என்னும் சொல்லும், வள்ளுவர் ஓர் அதிகாரத்திற்குத் தலைப்பாக்கிய சான்றாண்மையும் அவ்வேரில் கிளைத்தவையே. நாம் நூலுக்குள் வைத்துப் பூட்டிய சொல்லைத் தெலுங்கு மக்கள் காய்கறிச் சந்தையில் நாள்தோறும் வழங்குகின்றனர்.

நம் பேச்சில் மிகுதியும் வழங்குவது 'பத்தாது' என்பது. இதனைக் கொச்சை என்று ஒதுக்குவோர் உளர். காற்று காத்து ஆனது போலப் பற்றாது பத்தாது ஆயிற்று, அவ்வளவே. வரவு செலவுத் திட்டத்தில் நிதியமைச்சர்கள் கூறும் பற்றாக்குறையும் இதன் உடன்பிறப்புத்தான். நம் சங்க அன்பர்களுள் நெல்லைச் சீமையார் 'காணாது' என்பர்; தஞ்சை அக்கிரகார வழக்கில் அது 'போறாது'. யாழ்ப்பாணத்தாருக்குப் போதும் என்பது 'காணும்'. ஹைதராபாத்தில் நம்மைத் தொற்றிக்கொண்டதாக நாம் எண்ணும் 'கம்மி' பாரசீக மூலமுடையது. ஆயினும் நாம் இங்குக் குடியேறுமுன்பே அது தமிழ்நாட்டில் குடியேறிவிட்டது!

இச்சொற்களுள் எதற்கும் 'இல்லை' என்பது பொருளன்று. தையற்காரர் துணி பத்தாது என்றால், துணி இருக்கிறது, அளவை எட்டவில்லை என்றே பொருள். அவ்வளவை வரையறுப்பவர் யார்? இவ்வினா மக்களின் உயிரோடு விளையாடிய காலமும் உண்டு.

தாது வருடப் பஞ்சம் எனப்படும் 1876–78 கொடும் பஞ்சத்தில், வைஸ்ராய் லிட்டன் அனுப்பிய சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆடவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும் போதும் என 1877 தொடக்கத்தில் வகுத்தார். ஒரு பவுண்டு என்பது ஏறத்தாழ 450 கிராம். மண் சுமப்பவனுக்கு அது பற்றாது என்று வாதாடியவர், சென்னை மாகாணச் சுகாதார ஆணையராயிருந்த டாக்டர் கார்னிஷ். ஒன்றரைப் பவுண்டு தானியமும், அதனோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என்றார் அவர். அவ்வாண்டிலேயே படி ஓரளவு உயர்த்தப்பட்டது. அதற்குள் மாண்டவர் பலர்.

எண்பது ஆண்டுகள் கழித்து, 1957-இல் கூடிய பதினைந்தாவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, போதிய கூலிக்கு ஓர் அளவுகோல் கண்டது: வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,700 கலோரி உணவு, நால்வர் குடும்பத்திற்கு ஆண்டுக்கு 72 கெஜம் துணி. தேவையை ஒட்டிய அத்தகைய ஊதியம் வேண்டியே மத்திய அரசு ஊழியர் 1968 செப்டம்பர் 19 அன்று ஒரு நாள் வேலைநிறுத்தம் செய்தனர். எம்போன்ற குமாஸ்தாக்கள் நினைவிற்கொள்ள வேண்டிய நாள் அது.

முன்னாளில் 'பஞ்சப்படி' என்று வழங்கியது பின்னர் 'அகவிலைப்படி' ஆயிற்று. பெயரிலிருந்தேனும் பஞ்சம் நீங்கிற்று. மாதத்தின் மூன்றாம் வாரத்தில் கணக்கு நோட்டை மூடும்போது என் இல்லாள் பழைய சொல்லையே சொல்கிறாள். மகள் அதனைத் தெலுங்கில் சொல்கிறாள். இப்போது நான் திருத்துவதில்லை.