பரம்பிக்குளம் போக ஏன் பொள்ளாச்சி வழி?



போன வாரம் பழைய மாணவர் ஒருவர் குடும்பத்தோடு பரம்பிக்குளம் போய்வந்து படங்கள் அனுப்பியிருந்தார். கூடவே ஒரு கேள்வி: "ஐயா, காடு கேரளாவுடையது. ஆனால் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத்தானே போக வேண்டியிருக்கிறது? அந்தப் பக்கம் வழியே கிடையாதா?"

நல்ல கேள்வி. ஒரு காலத்தில் வழி இருந்தது. அது ஒரு ரயில் பாதை.

நூற்றிருபது வருடங்களுக்கு முன்பு பரம்பிக்குளம் கொச்சி சமஸ்தானத்தில் இருந்தது. தேக்கும் ஈட்டியும் நிறைந்த காடு. வெட்டிய மரத்தைக் கீழே கொண்டுவருவதுதான் சிக்கல். ஆற்றில் மிதக்க விடலாம் என்றால் நடுவே அதிரப்பள்ளி அருவி! அப்போது ஆண்டவர் மகாராஜா ராமவர்மா. 1902-இல் ஷொர்ணூர் – எர்ணாகுளம் ரயில் பாதை வந்ததும் இவர் காலத்தில்தான். அந்தப் பாதையில் உள்ள சாலக்குடியிலிருந்து பரம்பிக்குளம் வரை மரத்துக்கென்றே சுமார் 80 கி.மீ. மீட்டர் கேஜ் பாதை போட்டார்கள். 1907 முதல் ஓடிய அதன் பெயர் கொச்சி வன டிராம்வே. எஞ்சின்கள் ஜெர்மனியிலிருந்து வந்தவை.

எட்டாம் வகுப்பில் கப்பி பாடம் நடத்தினேனே, நினைவிருக்கிறதா? செங்குத்தான மலைச் சரிவுகளில் எஞ்சின் ஏறாது. அங்கே கப்பிதான் வேலை செய்தது. உச்சியில் பெரிய உருளை, அதைச் சுற்றி இரும்பு வடம். ஒரு முனையில் மரம் ஏற்றிய வண்டி, மறுமுனையில் காலி வண்டி. பாரவண்டி இறங்க இறங்க, காலி வண்டி தானாக மேலே ஏறும். பிரேக் பிடிக்க ஆள் இருந்தால் போதும். கரி வேண்டாம், தண்ணீர் வேண்டாம். யானைகள் இழுத்து வந்து சேர்த்த மரங்கள் இப்படி இறங்கி, சாலக்குடி வழியாகக் கொச்சித் துறைமுகம் போயின.

ஆனால் அந்தப் பாதையின் பலவீனமும் அதுவேதான். அதன் பிழைப்பு முழுவதும் மேலிருந்து இறங்கும் மரத்தை நம்பி இருந்தது. 80 கி.மீ. தண்டவாளத்தையும் பாலங்களையும் மலை மழையில் காப்பாற்றப் பெரும் செலவு. 1950-களின் தொடக்கத்தில், நஷ்டம்தான், மூடிவிடலாம் என்று முடிவுக்கு வந்தார்கள். 1963-இல் டிராம்வே முறைப்படி முடிவுக்கு வந்தது. மரத்துக்காக மட்டும் போட்ட வழி, மரத்தோடு போயிற்று. மனிதர்கள் போய்வர ஒரு சாலைகூட மிஞ்சவில்லை.

அதே காலத்தில் நம் பக்கம் பரம்பிக்குளம் – ஆழியாறு திட்டம் தொடங்கியது. அணைகள் கட்டவும் பராமரிக்கவும் போக்குவரத்து பொள்ளாச்சிப் பக்கமிருந்து நடந்தது. மரம் அந்தப் பக்கம் இறங்கியது. தண்ணீர் இந்தப் பக்கம் வந்தது. வழியும் மாறிவிட்டது. இதுதான் உங்கள் கேள்விக்குப் பதில்.

அங்கே கன்னிமாரா தேக்கு என்று ஒரு மரம் நிற்கிறது. ஆறரை மீட்டருக்கும் அதிகமான சுற்றளவு. கோடாரி பட்டதும் ரத்தம் கசிந்ததால் வெட்டாமல் விட்டார்கள் என்பது அங்குள்ளவர்கள் சொல்லும் கதை. கதையோ என்னவோ, அது ரயில் ஏறாத மரம். அடுத்த முறை போகும்போது குழந்தைகளை அதன் முன் நிறுத்தி, இந்த ரயிலின் கதையைச் சொல்லுங்கள்.

சாலக்குடிப் பக்கம் போனவர்கள் யாராவது பழைய பாதையின் மிச்சத்தைப் பார்த்திருந்தால் கீழே எழுதுங்கள். படம் இருந்தால் இன்னும் மகிழ்ச்சி.