குழுவிலிருந்து தனித்தொகுப்புக்கு: தமிழ்த் தனியிசையும் அதன் ரசிகர்களும்

குழுவில் பாடிய ஒருவர் தனியாக ஒரு தொகுப்பு வெளியிட்டால், ரசிகர்கள் அதை எதோடு வைத்து எடை போடுகிறார்கள்? குயின் குழுவின் ஃபிரெடி மெர்குரி 1985இல் 'மிஸ்டர் பேட் கை' கொண்டுவந்தபோதும், அதே ஆண்டில் ரோலிங் ஸ்டோன்ஸின் மிக் ஜாகர் 'ஷீஸ் த பாஸ்' வெளியிட்டபோதும், கேட்டவர்கள் குழுவின் பழைய பாட்டுகளோடுதான் ஒப்பிட்டார்கள். தமிழ்நாட்டில் அளவுகோல் வேறு. இங்கே தனித்தொகுப்புக்கு எதிரே நிற்பது குழுவல்ல, சினிமா. அந்த அளவுகோல் எப்படி உருவாயிற்று, எங்கே உடைந்தது என்பதே இக்கட்டுரையின் தேடல்.

தொடக்கத்தைச் சென்னையின் நெமிசிஸ் அவென்யூ என்ற ராக் குழுவில் காணலாம். ஏ.ஆர். ரகுமானின் இளமைக்கால இசை முயற்சிகளில் ஒன்று அது. அந்த இசை வட்டத்திலிருந்து வந்த சுரேஷ் பீட்டர்ஸ், 'ஜென்டில்மேன்' (1993), 'காதலன்' (1994) படப் பாட்டுகளால் தமிழ்நாடு முழுக்க அறிமுகமானார். அவருடைய தனித்தொகுப்பு 'மின்னல்' கேசட்டாக வந்தது. 'பேட்டை ராப்' பாடியவரின் கேசட் என்றே மக்கள் அதை வாங்கினார்கள். குழுவின் பெயர் யாருக்கும் தேவைப்படவில்லை. அவரும் விரைவில் படங்களுக்கு இசையமைக்கப் போனார்.

அடுத்த வரவு கடல் கடந்தது. மலேசியாவின் பொயட்டிக் அம்மோ குழுவிலிருந்து வந்த யோகி பி, நட்சத்ரா இணையோடு சேர்ந்து 2006இல் 'வல்லவன்' தொகுப்பைத் தந்தார். அதில் தமிழ்நாட்டைப் பிடித்துக்கொண்ட 'மடை திறந்து', 'நிழல்கள்' (1980) படத்துக்கு இளையராஜா போட்ட பாட்டின் மறு உருவாக்கம். தமிழ் ராப் இங்கே நுழைய ஒரு சினிமாப் பாட்டின் தோளில் ஏற வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டே 'பொல்லாதவன்' படத்தில் யோகி பியின் குரல் ஒலித்தது.

கோவைக்கு வருவோம். கோவையில் பிறந்த ஆதியும் நண்பர் ஜீவாவும் சேர்ந்ததே ஹிப்ஹாப் தமிழா. 2011இல் சென்னைப் பண்பலை நிகழ்ச்சி ஒன்றில் ஆதி பாடிய 'கிளப்புல மப்புல' யூடியூபில் பரவியது. 2012இல் 'ஹிப்ஹாப் தமிழன்' தொகுப்பு வந்தது. அந்தக் காலத்தில் செல்போன் கடைகளில் காசு கொடுத்து மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக்கொள்வார்கள். கல்லூரிப் பையன்கள் ப்ளூடூத்தில் கைமாற்றிக்கொள்வார்கள். படத்தின் பெயரும் நடிகர் முகமும் இல்லாமல் ஒரு பாட்டு இப்படிப் பரவியது பெரிய மாற்றம். 'நம்ம ஊர்ப் பையன்' என்ற உரிமையும் சேர்ந்துகொண்டது.

வரவேற்பு ஒரே குரலில் இல்லை. குடிக்கும் பெண்களைக் குறிவைத்துப் பண்பாட்டின் பெயரால் ஏளனம் செய்கிறது 'கிளப்புல மப்புல' என்ற கண்டனம் அப்போதே எழுந்தது. அது நியாயமான கண்டனம் என்றே நான் கருதுகிறேன். ஆண் குடித்தால் கொண்டாட்டம், பெண் குடித்தால் சீரழிவு என்ற பழைய தராசையே புதிய தாளத்தில் அந்தப் பாட்டு தூக்கிப் பிடித்தது. இளைஞர் கூட்டம் அதைக் கைதட்டி ஏற்றதும் இந்த வரலாற்றின் ஒரு பகுதி. அதை மறைத்து எழுத முடியாது.

பிறகு நடந்தது வேகமானது. 2013இல் 'எதிர்நீச்சல்' படத்தில் ஆதி பாடினார். 2015இல் 'ஆம்பள', 'தனி ஒருவன்' படங்களுக்கு இசையமைத்தது இருவர் அணி. 2017இல் ஆதி தானே இயக்கி நடித்த 'மீசைய முறுக்கு', அவருடைய தனியிசைக் காலத்தையே கதையாக்கியது. தனிப்பாட்டாகப் புகழ்பெற்றிருந்த 'வாடி புள்ள வாடி' அதில் படப்பாட்டாயிற்று. சினிமாவுக்கு வெளியே வளர்ந்த ரசிகர்கள் அதே பாட்டைத் திரையரங்கில் விசிலடித்து வரவேற்றார்கள். சுரேஷ் பீட்டர்ஸை விழுங்கியதுபோல் சினிமா இவரையும் விழுங்கிவிட்டது என்று சொல்லிவிடலாம். ஆனால் இங்கே ரசிகர்கள்தாம் அவரைத் தோளில் வைத்து அங்கே கொண்டுபோனார்கள் என்பது முக்கியமான வேறுபாடு. 2020இல் 'நா ஒரு ஏலியன்' என்று அவர் தனித்தொகுப்புக்குத் திரும்பியபோது எதிரே இருந்தது திரை நாயகனின் ரசிகர் கூட்டம். அவருடைய படப் பாட்டுகளோடு ஒப்பிடாமல் அதைக் கேட்பது அவர்களுக்கு எளிதாக இருக்கவில்லை.

இந்தச் சினிமா அளவுகோல் ராப் பாடகர் அறிவின் விஷயத்தில்தான் உடைகிறது. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் உருவாக்கிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ், 2018 ஜனவரியில் சென்னையில் முதல் நிகழ்ச்சி நடத்தியது. சாதியற்ற தமிழர் என்ற சிந்தனையாளர் அயோத்திதாசரின் கருத்திலிருந்து பிறந்தது அந்தப் பெயர். கானா, ராப், ராக் மூன்றும் ஒரே மேடையில் நின்றன. அந்தக் குழுவின் அறிவு, இசைத் தயாரிப்பாளர் ஆஃப்ரோவுடன் சேர்ந்து 2019இல் 'தெருக்குறள்' வெளியிட்டார். 'ஆன்டி இண்டியன்' அதில் உள்ள பாட்டு. கேட்டவர்கள் அதைச் சினிமாவோடு வைத்துப் பார்க்கவில்லை. குழு மேடையில் பேசிய அரசியலின் தொடர்ச்சியாகவே கேட்டார்கள். நான் அறிந்த வரையில் தமிழ்த் தனித்தொகுப்பு குழுவின் பெயரோடு சேர்த்துப் பரவலாக மதிப்பிடப்பட்ட முதல் தருணம் இதுதான்.

ரசிகர்களின் உறுதியும் விரைவிலேயே வெளிப்பட்டது. 2021 மார்ச்சில் பாடகி தீயும் அறிவும் பாடிய 'என்ஜாய் எஞ்சாமி' உலகெங்கும் போயிற்று. அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் அறிவு இல்லாதபோது இரஞ்சித்தும் ரசிகர்களும் வெளிப்படையாகக் கேள்வி எழுப்பினார்கள். பிறகு அறிவின் படத்தோடு இணைய அட்டை வந்தது. 2022இல் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவர் இல்லாமல் அந்தப் பாட்டு மேடையேறியபோது விவாதம் மறுபடி வெடித்தது. பாட்டு பிடித்தால் போதும், யார் எழுதினால் என்ன என்றிருந்த தமிழ் ரசனை, ஆக்கியவரின் பெயருக்காகச் சண்டை போட்டது.

2024இல் வந்த அறிவின் தொகுப்பான 'வள்ளியம்மா பேராண்டி' அவருடைய பாட்டியின் பெயரையே தலைப்பாக்கியது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பியவர் அந்தப் பாட்டி. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்கீழ் அப்படித் திரும்பியவர்களில் பெருந்தொகையினர் நீலகிரியில் குடியேறினார்கள். கூடலூர், கோத்தகிரி பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் அவர்கள் பிள்ளைகள் இன்றும் கொழுந்து கிள்ளுகிறார்கள். பேரப்பிள்ளைகள் வேலைக்கும் படிப்புக்கும் கோவைக்கு இறங்கி வருகிறார்கள். இந்தத் தொகுப்பு எப்படி வரவேற்கப்பட்டது என்று ஆராய்பவர் யூடியூப் எண்ணிக்கையைப் பிறகு பார்க்கலாம்; முதலில் மேட்டுப்பாளையம் வழியே வரும் அந்தப் பேருந்துகளில் ஏறி, அந்தப் பேரப்பிள்ளைகளிடம் கேட்க வேண்டும்.