ஒரு கையுறையின் வரலாறு



இல்ல விளையாட்டுப் போட்டிக்கான பயிற்சி நடந்துகொண்டிருந்தது. கம்போங் மேடான் அடுக்குமாடியில் வசிக்கும் ஒரு தாய் திடலுக்கு வந்து, "டீச்சர், பொம்பள புள்ளைக்குக் குண்டு எறியறது எதுக்கு? ஓட்டத்துல போட்டுடுங்க" என்றார். நான் மறுக்கவில்லை. அம்மாணவியின் பெயரை ஓட்டப் பட்டியலுக்கு மாற்றினேன். அன்று அவருக்குக் கூறியிருக்க வேண்டிய விடையை இங்கே எழுதுகிறேன்.

ஓட்டத்திற்கு நம்மிடையே முன்னோடி உண்டு. எம். இராஜாமணி 1964-இல் தோக்கியோ ஒலிம்பிக்கில் மலேசியாவிற்காக ஓடினார். எறிதலுக்கு முன்னோடியைத் தேடி நான் போலந்து வரை செல்ல வேண்டியதாயிற்று.

ஆண்களுக்கான சங்கிலிக் குண்டு எறிதல் 1900-ஆம் ஆண்டிலேயே ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. பெண்களுக்கு வட்டு எறிதல் 1928-இலும், ஈட்டி எறிதல் 1932-இலும், குண்டு எறிதல் 1948-இலும் கிடைத்தன. சங்கிலிக் குண்டு மட்டும் 2000-ஆம் ஆண்டு சிட்னியில்தான் வந்தது. நூறாண்டுக் காத்திருப்பு! பெண்கள் எறியும் குண்டின் எடை 4 கிலோ. நான்கு பொட்டலம் சீனியின் எடைதான். அதைக் கம்பியில் பிணைத்து, 2.135 மீட்டர் விட்டமுள்ள வட்டத்திற்குள் உடலைச் சுழற்றி எறிய வேண்டும். வலிமை மட்டும் போதாது. கால்களின் ஒழுங்கும் சமநிலையும் தேவை.

சிட்னியில் அந்த முதல் தங்கத்தை வென்றவர் போலந்தின் கமிலா ஸ்கோலிமோவ்ஸ்கா. எறிந்த தூரம் 71.16 மீட்டர். வயது 17, நம் ஊரில் ஐந்தாம் படிவம் பயிலும் வயது. காலம் அவருக்கு நெடுநாள் தரவில்லை. 2009 பிப்ரவரியில், போர்ச்சுகலில் பயிற்சி முகாமில் இருந்தபோது, நுரையீரல் இரத்தக்குழாய் அடைப்பால் தமது 26-ஆம் வயதில் மறைந்தார்.

அவருடைய கையுறை அவரோடு மறைந்துவிடவில்லை. அதை அணிந்து எறிந்தவர் அதே நாட்டின் அனிதா வ்லோடார்சிக். 2015-இல் 81.08 மீட்டர் எறிந்து, 80 மீட்டரைக் கடந்த முதல் பெண்ணானார். 2016 ஆகஸ்டு 28 அன்று, வார்சாவில் கமிலாவின் நினைவாக நடந்த போட்டியிலேயே 82.98 மீட்டர் எறிந்தார். இன்றளவும் அதுவே உலகச் சாதனை. 2012 இலண்டனில் அவருக்கு முதலில் கிடைத்தது வெள்ளி. வென்றவர் ஊக்கமருந்துக் குற்றத்தால் தகுதி இழந்ததால் தங்கம் அவருக்கு உரியதாயிற்று. 2016 ரியோவிலும் தங்கம். பின்னர் முழங்கால் அறுவைச் சிகிச்சை. அதிலிருந்தும் மீண்டு, 2021-இல் நடைபெற்ற தோக்கியோ ஒலிம்பிக்கில் மூன்றாம் தங்கம் வென்றார். திடல்தடத் தனிநபர் போட்டி ஒன்றில் தொடர்ந்து மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் பெண் அவரே.

பெற்றோர்களே, பதக்கம் எல்லாருக்கும் கிட்டாது. ஆயினும், எந்தப் போட்டி தனக்கு உரியது என்பதைப் பிள்ளை முயன்று பார்த்தே அறிய வேண்டும். நாம் முன்கூட்டியே பெயரை அழித்துவிட்டால் அது எவ்வாறு இயலும்?

அம்மாணவி ஓட்டத்தில் கடைசியாக வந்தாள். அடுத்த பட்டியலை எழுதுமுன் அவளுடைய தாயைச் சந்தித்து இவ்வரலாற்றைக் கூறுவேன். அவர் இசைந்தால், முதலில் எழுதப்படும் பெயர் அவளுடையதாகவே இருக்கும்.