அரை டிகிரியும் காலைப் பதிவேடும்: வெயில் மண்ணில் ஆய்வக முயல்களின் உடல்நலக் கண்காணிப்பு

ஊசி மருந்தில் காய்ச்சல் உண்டாக்கும் மாசு கலந்துள்ளதா என்று முயலின் உடல் வெப்பத்தைக் கொண்டு அறியும் பைரோஜன் சோதனை, 1942இல் அமெரிக்க மருந்து நெறிநூலில் இடம்பெற்றது. அந்நூலின்படி, 3 முயல்களில் ஒன்றுக்குக்கூட வெப்பம் 0.5 டிகிரி செல்சியஸ் ஏறாவிட்டால் மருந்து தேறும். ஊசி போடுமுன்பே 39.8 டிகிரியைத் தாண்டிய முயலைச் சோதனையில் சேர்க்கக் கூடாது. அரை டிகிரியில் முடிவு நிற்கும் இடத்தில் அளவுகோலே முயலின் உடல்தான். அதன் நலம் குன்றினால் முடிவும் பிழைபடும். எனவே அந்த நலத்துக்கு முதற்சான்று பராமரிப்பாளரின் அன்றாடப் பதிவேடே என்பதும், பருவந்தோறும் வரும் பரிசோதனை அறிக்கை அதற்குத் துணைச்சான்று என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

இந்த வாதத்துக்கு இடம் சார்ந்த காரணம் ஒன்று உண்டு. எளாவூரை எடுத்துக்கொள்வோம்: கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு வடக்கே, பழவேற்காடு ஏரியை ஒட்டிய சமவெளி. கத்திரி வெயிலோடு கடற்காற்றின் ஈரமும் சேர்ந்து புழுக்கும் மண். முயலுக்கு வியர்த்துக் குளிரும் வழி இல்லை. உடற்சூட்டைப் பெரும்பாலும் காது மடல் வழியாகவே வெளியேற்றுகிறது. முயல் அறைக்கு 16 முதல் 22 டிகிரி வரை போதும் என்கிறது அமெரிக்க ஆய்வக விலங்குக் கையேடு. இந்திய வழிகாட்டுதலோ ஆய்வக விலங்குகளுக்குப் பொதுவாக 18 முதல் 29 டிகிரி வரை அனுமதிக்கிறது. 28 டிகிரியில் இருக்கும் அறை விதிக்கு உட்பட்டதுதான். முயலுக்கோ அது வெக்கை. இத்தகைய மண்ணில் ஒரு விலங்கறை அமைந்தால், மின்சாரம் நின்ற நேரமும் அறையின் உச்ச வெப்பமும் முயலின் நோய்க்குறிப்பிலேயே ஏற வேண்டும்.

பருவப் பரிசோதனையின் பயனை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஐரோப்பிய ஆய்வக விலங்கு அறிவியல் சங்கங்களின் கூட்டமைப்பு 2014இல் வெளியிட்ட பரிந்துரைகள், எந்தக் கிருமியை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை தேட வேண்டும் என்று வகுத்துள்ளன. என்செஃபாலிடோசூன் போன்ற கிருமி வெளியே ஓர் அறிகுறியும் காட்டாமல் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும். அதைப் பிடிக்க ரத்தப் பரிசோதனைதான் முக்கிய வழி. ஆனால் நேற்றிரவு தீவனத்தைத் தொடாத முயலை அந்த அறிக்கை காட்டாது.

முயல் இரையாகும் விலங்கு. நோவை மறைப்பது அதன் இயல்பு. ஆகவே கண்காணிப்பவர் சிறு தடயங்களைத் தேட வேண்டும். பாஸ்சுரெல்லா என்னும் பாக்டீரியா தொற்றிய முயலின் மூக்கு, பார்க்கும் நேரத்தில் சுத்தமாகவே இருக்கக்கூடும். முன்னங்காலைப் புரட்டினால், மூக்கைத் துடைத்துத் துடைத்து உட்புற மயிர் திரிதிரியாய் ஒட்டிக் காய்ந்திருக்கும். கூண்டின் அடித்தட்டு இன்னும் வெளிப்படையாகப் பேசும். உருண்டு திரண்டு கிடக்க வேண்டிய புழுக்கை சிறுத்து, எண்ணிக்கையும் குறைந்திருந்தால் குடலின் இயக்கம் தளர்கிறது என்று பொருள். ஒரு நாள் தவறவிட்டால் உயிருக்கே ஆபத்து.

கண்ணால் கண்டதை அறிவியல் சான்றாக ஏற்பதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வாராந்தர எடை, தின்ற தீவனத்தின் அளவு, புழுக்கைக்கும் முன்னங்கால் மயிருக்கும் தரப்புள்ளி என முறைப்படுத்தினால், ஆளுக்கு ஆள் மாறும் கணிப்பு ஒப்பிடத்தக்க தரவாகிவிடும். அந்தத் தரவுக்கு அதிகாரமும் வேண்டும். காலையில் பராமரிப்பாளர் குறித்த ஐயம், கால்நடை மருத்துவர் பார்க்கும்வரை அந்த முயலை ஆய்விலிருந்து விலக்கி வைக்கப் போதுமானதாக இருக்க வேண்டும். நிறுவன விலங்கு நெறிமுறைக் குழு இதை எழுத்துமூல விதியாக்கலாம்.

விலங்குகளின் நலம் பேணும் இந்தப் பொறுப்பு தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் எழுப்பிய குரலே 1960இன் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்துக்கு வழிகோலியது. அவர் தலைமையில் 1962இல் அமைந்த விலங்குகள் நல வாரியம் நெடுங்காலம் சென்னையிலிருந்தே இயங்கியது. விலங்காய்வுகளைக் கண்காணிக்கும் குழுவும் அச்சட்டத்தின் 15ஆம் பிரிவில் பிறந்ததே.

முயலைக் கொண்டு செய்யும் பைரோஜன் சோதனையை ஐரோப்பிய மருந்து நெறிநூல் 2024இல் கைவிட முடிவெடுத்தது; மனித ரத்த அணுக்களைக் கொண்டு செய்யும் மாற்றுச் சோதனை இருக்கிறது. கூண்டுகள் காலியாகும் நாளையே நாம் விரும்ப வேண்டும். அதுவரை கூண்டில் இருக்கும் ஒவ்வொரு முயலுக்கும், அன்று காலை அதன் முன்னங்காலைப் புரட்டிப் பார்த்த ஒருவரின் கையெழுத்து பதிவேட்டில் இருக்க வேண்டும்.